பூட்டு ஊறிய டின்

பங்களா அலுமாரியின் கீல்களையும் பூட்டையும் கழற்றி யோகராஜ் லயத்துக்குக் கொண்டுவந்தது ஒரு சனிக்கிழமை. அந்த வாரம்தான் கொழும்புப் பக்கம் பஸ் ஒன்றில் குண்டு வெடித்திருந்தது. இரண்டையும் சேர்த்து நினைக்க அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கொண்டுவந்திருக்க மாட்டான்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. வெலிஹேன தோட்டம் பலாங்கொடையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மேல்மலையில் தேயிலை, கீழே ரப்பர், அதற்கும் கீழே ஆறு. ஆற்றோர லயத்தில் ஒரே வரிசையாய்ப் பத்துக் காம்பரா, ஒவ்வொன்றும் ஒரு வீடு. எட்டாவது காம்பரா யோகராஜுடையது. தோட்டத்து பெக்டரியில் அவன் மெசின் பழுது பார்க்கிற பிட்டர். அவன் மனைவி கிருஷ்ணகுமாரி கொழுந்தெடுக்கிறவள். நாலு வயதில் ஒரு பெண் பிள்ளை, தர்மிளா.

அரைநாள் வேலை முடிந்து கிருஷ்ணகுமாரி வந்தபோது வாசல் இஸ்தோப்பு முழுக்கச் சாக்கு விரித்திருந்தது. சாக்கின் மேல் ஏழு பால் டின்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு நம்பர். மண்ணெண்ணெய் வாடை காம்பராவுக்குள்ளும் ஏறியிருந்தது. அவள் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து உதறினாள். கெண்டைக்காலில் தொங்கிய அட்டையைச் சுண்டி எறிந்தாள்.

"என்னங்க, பழைய இரும்புக் கட போட்டுட்டீங்களா?"

"தொர வூட்டு அலுமாரி. கதவு ரெண்டும் எறங்கிப் போச்சு. பூட்டு இறுகிக் கெடக்கு. தொரசானி நோனா வர முந்தி செஞ்சு வைன்னு சொல்லிட்டு தொர கொழும்புக்குப் போயிட்டாரு."

"அங்கயே வச்சு செஞ்சா என்ன?"

"பங்களாவுல பெயின்ட் அடிக்கிறாங்க. ஒரே தூசி. கழட்டிட்டுப் போய் வூட்ல செய்யின்னு அவருதான் சொன்னாரு."

அவள் குந்தி உட்கார்ந்து ஒரு பித்தளைக் கீலை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை அகலம். மடிப்புக்குள் கறுப்பாக அழுக்கு இறுகியிருந்தது.

"கொறக்காப் புளி தாரேன். தேய்ச்சா பளபளன்னு வந்துரும். சாமி வெளக்கு அப்பிடித்தானே தேய்க்கிறோம்."

"வெளக்கு வேற, இது வேற. புளி பட்டா மேல பூசியிருக்கிற வார்னிசு போயிரும். அப்புறம் திட்டுத் திட்டா செவந்து நிக்கும். சோப்புத் தண்ணி, பல்லு வெளக்குற பழைய பிரசு, அவ்வளவுதான். காஞ்சதும் மடிப்புல ஒரு சொட்டு எண்ண."

"அப்ப இந்த மண்ணெண்ண எதுக்கு?"

"அது ஆணிக்கு. ஆணி இரும்பு. துரு எளகணும்."

ஒரு டின்னிலிருந்து நூலில் கட்டிய ஆறு திருகாணிகளைத் தூக்கிக் காட்டினான். ஒரு கீலுக்கு ஆறு ஆணி. ஒரு டின்னுக்கு ஒரு கீலின் ஆணிகள். எந்த ஓட்டைக்கு எது என்பது நூலில் கட்டிய வரிசையில் இருந்தது.

"இது மெசின்ல வெட்டுன ஆணி இல்ல புள்ள. கையால அராவுனது. ஒன்னு மாதிரி ஒன்னு இருக்காது. எந்த ஓட்டையிலேர்ந்து வந்துச்சோ அந்த ஓட்டைதான் அத ஏத்துக்கும். மாத்திப் போட்டா பிடிக்காது. அமுக்குனா பலகை வெடிக்கும்."

"ஒங்கள மாதிரியே புடிவாதமான ஆணி."

"ஒரு எடத்துல கெடக்குதில்ல, அதப் பாரு."

அட்டைப்பெட்டி மூடியில் அலுமாரியின் படத்தை அவன் வரைந்து வைத்திருந்தான். ஆறு கீல்களுக்கும் ஒன்று முதல் ஆறு வரை நம்பர். கதவின் நடுவே வட்டம் போட்டு ஏழு. அது பூட்டு.

பக்கத்துக் காம்பரா ஜெயம்மா வெற்றிலை மென்றபடி வந்து நின்றாள். புருஷன் இல்லாதவள், வாய் ஓயாதவள்.

"தம்பி, ஒன்னு சொல்றேன் கேளு. டின்னு, எண்ண, கம்பி எல்லாம் வெளிய பரத்தி வைக்கிற நேரமா இது?"

"கீல்தானேக்கா."

"கீலுன்னு ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாரவனுக்குத் தெரியணுமே."

"வாரவன் வூட்லயும் அலுமாரி இருக்குமில்ல."

"இருக்கும். அப்ப அவன் போய் அவன் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு வருவான், நீ அதுவரைக்கும் பொலிஸ்ல குந்திக்கிட்டிரு."

யோகராஜ் சிரித்தான். கிருஷ்ணகுமாரி சிரிக்கவில்லை. சாக்கோடு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"கட்டிலுக்கடியில வச்சா ஒளிச்சு வச்ச மாதிரி ஆயிரும்டி," என்றாள் ஜெயம்மா.

அவள் மறுபடியும் வெளியே இழுத்தாள். கடைசியில் அடுப்படி மூலையில், பார்க்கிறவர் கண்ணுக்குப் படும்படியாக வரிசையாய் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பூட்டைத் திறந்தான். மூடித் தகட்டை எடுத்ததும் உள்ளே ஐந்து பித்தளை நாக்குகள், ஒவ்வொன்றுக்கும் மயிர் போல ஒரு ஸ்பிரிங். சாவி திரும்பும்போது ஐந்தும் ஒரே அளவுக்கு எழும்பினால்தான் பூட்டு திறக்கும் என்றான். வரிசை குலையாமலிருக்க ஐந்தையும் செம்புக் கம்பியால் கட்டி, ஸ்பிரிங்கும் தகடும் சாவியுமாக ஏழாவது டின்னில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினான். புதன்கிழமை எடுத்துத் துடைத்துச் சேர்க்க வேண்டும். கிருஷ்ணகுமாரி லாம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். ஒரு ஸ்பிரிங் தெறித்து விழுந்தபோது தரையில் தடவித் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

திங்கட்கிழமை முழுக்க மழை. அடுத்த தோட்டத்தில் சுற்றிவளைப்பு என்று கொழுந்து லொறிக்காரன் சொல்லிவிட்டுப் போனான். அன்று மாலை லயத்தில் எல்லா அடுப்பும் நேரத்தோடு எரிந்தன. அது அந்த வருஷங்களின் பழக்கம். கலண்டர், கசட், வன்னியிலிருந்து வந்த பழைய கடிதம், யாரென்று விளக்கம் சொல்ல வேண்டிய படம் எல்லாம் அடுப்புக்குப் போகும். கிருஷ்ணகுமாரியின் மாமா எழுபத்தேழு கலவரத்தில் லயம் எரிந்தபோது கிளிநொச்சிக்குப் போனவர். அவருடைய கலியாணப் படத்தை அவள் முந்திய வருஷமே எரித்துவிட்டாள். எரிக்க இனி எதுவும் இல்லை. ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைக்கு ஊட்டினாள். ஏழு டின்களையும் ஒரு தடவை பார்த்தாள்.

"இத பெக்டரிக்குக் கொண்டு போயிருங்களேன்."

"இந்த மழையில டின்ன தூக்கிக்கிட்டு நான் ரோட்ல போனா அதுதான் வம்பு. நாளன்னைக்கு முடிஞ்சிரும், விடு."

செவ்வாய்க்கிழமை காலை, ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்றபோது இரண்டு ஜீப்பும் ஒரு டிரக்கும் வந்தன. ஆம்பிளைகளைப் பெரட்டுக் களத்திலேயே குந்தச் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு பெண் போய்த் தன் காம்பராவைத் திறந்துகொண்டு வாசலில் நிற்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள், அவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் இருந்தார்கள். பெண்கள் லயத்துக்குச் சரிவில் இறங்கினார்கள். மழை தூறலாய்க் குறைந்திருந்தது.

தேடுதலை முதலாவது காம்பராவிலிருந்து தொடங்கினார்கள். எட்டாவதுக்கு வர நேரமெடுக்கும். கிருஷ்ணகுமாரி கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கிற நேரம் அவளுக்கு இருந்தது. அந்த நேரம் இல்லாமலிருந்திருந்தால் நல்லது.

டின்களைப் பார்த்தாள். ஆறில் இருப்பது ஆணி. ஆணி எந்த வீட்டிலும் இருக்கும். ஏழாவதில் செம்புக் கம்பி சுற்றிய பித்தளைத் தகடுகள், ஸ்பிரிங், எண்ணெய். அது பூட்டு என்று அவளுக்குத் தெரியும். தானே தேடிக் கொடுத்த ஸ்பிரிங் எது என்பதுகூடத் தெரியும். ஆனால் அந்த நேரம் அவள் தன் கண்ணால் பார்க்கவில்லை. வரப்போகிறவனின் கண்ணால் பார்த்தாள். அடுத்த வீட்டில் ஒரு பெட்டியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. டின்னை எடுத்துக்கொண்டு பின்கதவால் போனாள். லயத்துக்குப் பின்னால் ஆறு கலங்கி, கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. எறிந்தாள். திரும்பி வந்து சாம்பல் போட்டுக் கை கழுவினாள். வாடை போகவில்லை.

இரண்டு பொலிஸ்காரர்களும் கிராமத்து ஊர்காவல்காரர்கள் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். மூவரில் ஒருவன் சந்திக் கடை முதலாளியின் மகன். போன கிழமைதான் அவளுக்கு மாவு நிறுத்துக் கொடுத்தவன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டின்களைக் கண்டதும் பொலிஸ்காரன் உட்கார்ந்துவிட்டான். முகர்ந்து பார்த்தான். இது என்ன என்று கேட்டான். அலுமாரி ஆணி என்றாள். ஒரு யூரியாப் பையைக் கொண்டுவரச் சொல்லி, ஆறு டின்களின் எண்ணெயையும் தரையில் வடித்துவிட்டு, ஆணிகளை மொத்தமாகப் பைக்குள் கொட்டினான். நூல்கள் அறுந்தன. கீல்களையும் அதன் மேலே போட்டான். அட்டைப் படத்தைக் கையில் எடுத்தான். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"அய்யா, கலக்காதீங்க. அதுல வரிசை இருக்கு," என்று அவள் சிங்களத்தில் சொன்னாள்.

"என்ன வரிசை?" என்று அவன் திரும்பினான்.

பெரட்டுக் களத்தில் இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர். சத்தம் போடாதவர். பையைத் திறந்து பார்த்துவிட்டு யோகராஜை எழுப்பினார். யோகராஜ் சொன்னதை முழுவதும் கேட்டார். துரைக்கு போன் போட்டார். எடுக்கவில்லை.

"நீ சொல்கிறாய். பை சொல்லவில்லையே," என்றார்.

"பங்களாவுக்குப் போவோம் மஹத்தயா. மாட்டிக் காட்டுறேன்."

இன்ஸ்பெக்டர் அவனையும் அவளையும் ஜீப்பில் ஏற்றினார். தேடிய பொலிஸ்காரர்களும் கடை முதலாளியின் மகனும் கூடவே ஏறினார்கள்.

பங்களாக் கூடத்தின் நடுவே அலுமாரி வெள்ளைத் துணி மூடி நின்றது. கதவுகள் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. சமையல்காரர் சின்னத்தம்பி மட்டும்தான் அங்கே. தலை நரைத்தவர். பொலிஸைக் கண்டதும் தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு கதவு மாட்டு. பார்ப்போம்."

யோகராஜ் பையைப் பழைய பேப்பரில் கொட்டினான். முப்பத்தாறு ஆணிகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அவன் அவற்றைக் கையால் பரப்பினான். பிறகு சின்னத்தம்பியிடம் ஒரு திருப்புளியும் மெழுகுதிரியும் கேட்டான்.

இடது கதவை எடுத்தான். ஒவ்வொரு ஆணியாய் வெளிச்சத்தில் பிடித்துத் தலை வெட்டைப் பார்த்தான். சிலதில் வெட்டு நடுவே இருந்தது, சிலதில் ஓரமாய் விலகியிருந்தது. நுனியை விரலில் உருட்டினான். சேர்த்தவற்றை மெழுகில் தேய்த்து, ஓட்டையில் வைத்து முதலில் இடப்பக்கமாகச் சுற்றினான்.

"கழற்றுகிறாயா, பூட்டுகிறாயா?" என்று ஒரு பொலிஸ்காரன் சிங்களத்தில் கேட்டான்.

"பழைய தடத்த தேடுறேன் மஹத்தயா. இடப்பக்கம் மெல்ல சுத்துனா ஒரு எடத்துல டக்குன்னு விழும். அங்கேருந்து வலப்பக்கம் சுத்தணும். இல்லாட்டி புதுத் தடம் வெட்டிரும், அப்புறம் ஓட்ட தளந்துரும்."

ஐந்து ஆணிகள் விழுந்தன. ஆறாவது இறங்கவில்லை. பொலிஸ்காரன் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்தான். யோகராஜ் அதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தான். அதுவும் இல்லை. நாலாவது ஆணியில்தான் அந்தச் சத்தம் கேட்டது. கதவிலுள்ள ஒன்பது ஆணிகளும் ஏற முக்கால் மணி நேரமானது. இனிக் கதவைத் தூக்கி அலுமாரிச் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். பிடிக்க ஆள் வேண்டும்.

"பொண்டாட்டி பிடிக்கட்டும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பாரமான முதிரைக் கதவு. கிருஷ்ணகுமாரி அடியில் இரண்டு கையையும் கொடுத்து, தோளால் முட்டுக் கொடுத்து நின்றாள். அவன் முகம் அவள் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஒரு நூலளவு தூக்கு. அந்தா. அப்பிடியே நில்லு."

"என்னங்க."

"பேசாத. கை ஆடும். பாதி முடிஞ்சுது, பயப்படாத."

சொல்வதானால் அப்போது சொல்லியிருக்க வேண்டும். இரண்டடி தள்ளிப் பொலிஸ்காரன் நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ. அவள் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றாள். ஆணி ஒன்றொன்றாய் விழுகிற சத்தத்தை எண்ணினாள். ஒன்பது.

"விடு," என்றான் யோகராஜ்.

கதவு நின்றது. ஒரு விரலால் தள்ளினான். முனகாமல் போய்ச் சட்டத்தில் படிந்தது. இழுத்தான், வந்தது. தரையில் எங்கும் உரசவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து தானே திறந்து மூடினார். மறுபடியும் திறந்து மூடினார். "ஹொந்தய்," என்றார். நன்றாயிருக்கிறது என்று அவர் சொன்னதும் சின்னத்தம்பி மூச்சு விட்டு, உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் நின்றபடியே குடித்தார். தன் வீட்டு அலுமாரிக் கதவும் இப்படித்தான் இறங்கிக் கிடக்கிறது என்றார். யோகராஜ் முதல் தடவையாக முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கோப்பையை வைக்கப் போனவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். கைப்பிடிக்குக் கீழே, பூட்டு இருந்த இடத்தில் ஒரு சதுரக் குழி. சுட்டுவிரலை அதற்குள் விட்டார்.

"லொக் எக கோ?"

"பூட்டா? இருக்கு மஹத்தயா. ஏழாவது டின்னுல. நாக்கு எல்லாம் கழட்டி ஊறப் போட்டிருக்கேன்."

"ஆறு டின்தான்," என்றான் பொலிஸ்காரன்.

இன்ஸ்பெக்டர் அட்டைப் படத்தைக் கேட்டு வாங்கினார். ஏழு என்று வட்டம் போட்டிருந்த இடத்தைப் பார்த்தார். அதை யோகராஜின் பக்கம் திருப்பிக் காட்டினார். யோகராஜுக்கு விளங்கவில்லை. பேப்பரில் மீதிக் கிடந்த ஆணிகளைக் கையால் கிளறினான். பையை உதறினான். பிறகுதான் அவளைப் பார்த்தான். பார்த்ததும் விளங்கிவிட்டது.

"மம விசி களா," என்றாள் கிருஷ்ணகுமாரி. "நான்தான் எறிஞ்சேன். ஆத்துல."

ஏன் என்று கேட்டார்.

"பயட்ட, மஹத்தயா. பயத்துல."

"பூட்டுக்கு யாராவது பயப்படுவார்களா?"

பூட்டு என்று தெரிந்தே எறிந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டார். தெரியாமல் எறிந்தேன் என்று சொன்னால் புருஷனுக்கு வினை. வாசலில் மறுபடியும் மழை இறங்கியது.

கடைக்காரர் மகனையும் ஒரு பொலிஸ்காரனையும் ஆற்றுக்கு அனுப்பினார்கள். அரை மணியில் அவர்கள் திரும்பி வந்தார்கள். கரையோரக் கல்லிடுக்கில் டின் கிடைத்தது. வெறும் டின். பெயின்ட் நம்பர் தெளிவாக இருந்தது. இன்ஸ்பெக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு அதை மேசையில் வைத்தார்.

பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீளத் தாளை எடுத்தார். அவளை எதிரே நிற்கச் சொன்னார். பெயர், வயது, கலியாணமாகி எத்தனை வருஷம், புருஷன் வீட்டில் என்ன வேலை செய்வான், எந்நேரத்தில் செய்வான். வடக்கில் சொந்தம் உண்டா. கிளிநொச்சியில் மாமா இருக்கிறார், போய் முப்பது வருஷம், அப்போது நான் பிறக்கவே இல்லை என்றாள். எதையும் மறைக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டதற்கெல்லாம் சிங்களத்தில் தடுக்காமல் பதில் சொன்னாள். நன்றாகப் பேசுகிறாய் என்றுகூட அவர் சொன்னார். பேச வரும். சந்தையிலும் பஸ்ஸிலும் கேட்டுப் பழகியது. எழுத்து வராது.

டின்னை ஏன் எறிந்தாய் என்று கடைசியாக ஒரு தடவை கேட்டார். பயத்தில் என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அவர் எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். அவள் தலைகீழாய் நின்ற எழுத்துகளைப் பார்த்து வரிகளை எண்ணினாள். பதினொரு வரி.

"என்ன எழுதுனீங்க மஹத்தயா?"

"நீ சொன்னதுதான்."

பேனையைத் திருப்பி நீட்டினார். அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். பெயர் நீளம். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

"இவனிடமும் ஸ்டேஷனில் ஒரு வாக்குமூலம்தான். முடிந்ததும் அனுப்பிவிடுவோம்," என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். அட்டைப் படத்தையும் ஏழாவது டின்னையும் பொலிஸ்காரன் எடுத்துக்கொண்டான்.

ஜீப்பில் ஏறப் போன யோகராஜ் அவள் பக்கம் நின்றான். யாரும் தடுக்கவில்லை.

"மத்தக் கதவோட ஆணிய யாரும் அள்ளிப் போடாம பாத்துக்க. பேப்பரோட மடிச்சு வை."

"சரிங்க."

"பூட்டுன்னு ஒனக்குத் தெரியுந்தானே?"

"தெரியுங்க."

அவன் தலையை ஆட்டினான். ஏறி உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் கைகளை வைத்துக்கொண்டான். நகக்கண்ணில் மெழுகு வெள்ளையாய் ஒட்டியிருந்தது. ஜீப் வளைவில் இறங்கியது. சத்தம் மட்டும் இன்னும் இரண்டு வளைவுக்குக் கேட்டது.

கிருஷ்ணகுமாரி படியிலேயே நின்றாள். சின்னத்தம்பி அவளுக்கும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கொடகவெலப் பக்கத்துச் சிங்களப் பள்ளியில் படித்தவர் அவர். சிங்களத்தில் கடிதமோ நோட்டீஸோ வந்தால் தோட்டமே அவரிடம்தான் கொண்டுபோகும். அவள் வாக்குமூலம் கொடுத்தபோது கோப்பைகளை எடுக்க வந்தவர், இன்ஸ்பெக்டரின் தோளுக்குப் பின்னால் கடைசிவரை நின்றிருந்தார்.

"அண்ணே. நீங்க பின்னுக்கு நின்னீங்கதானே. என்ன எழுதுனாரு?"

சின்னத்தம்பி தேத்தண்ணியைக் காட்டினார்.

"ஆறிப் போயிரும். குடி தங்கச்சி."

"பதினோரு வரி எழுதுனாருண்ணே. நான் ஒரு வார்த்ததான் சொன்னேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் ஒரு பக்கத்தைத் துடைத்தார். மற்றப் பக்கத்தைத் துடைத்தார். அவள் பதிலுக்காக நின்றாள். அவர் குனிந்தபடி துடைத்துக்கொண்டே இருந்தார்.